ஒசாகாவில் அடித்த கோபெக்: சின்ன பட்ஜெட்டில் ரஷ்ய, ஜப்பானிய நாணயங்கள்

ரஷ்ய நாணயங்களும் ஜப்பானிய நாணயங்களும் சேர்க்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் வாங்கச் சொல்வது 1916-ஆம் ஆண்டு போட்ட 10 கோபெக் காசைத்தான் (நூறு கோபெக் ஒரு ரூபிள்). ரஷ்யப் பேரரசின் இரட்டைத் தலைக் கழுகு, சுற்றிலும் ரஷ்ய எழுத்து, எல்லாம் வழக்கம் போலவே இருக்கும். ஆனால் அது அடிக்கப்பட்டது ஜப்பானில், ஒசாகா நாணயச்சாலையில். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். வெள்ளிக் காசு கையில் கிடைத்தவர்கள் எல்லாம் பதுக்கி வைக்க, ரஷ்யாவில் சில்லறைக்குப் பெரும் தட்டுப்பாடு. பெட்ரோகிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நாணயச்சாலையால் ஈடுகொடுக்க முடியாமல் போய், 10, 15 கோபெக் காசுகளை அடித்துத் தரும் வேலை ஜப்பானுக்குப் போனது. 10 கோபெக் சுமார் 7 கோடி, 15 கோபெக் 9 கோடியே 60 லட்சத்துக்கும் மேல்.

அதே ஆண்டு பெட்ரோகிராடிலும் இதே காசுகள் அடிக்கப்பட்டன. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிது. கழுகின் அடியில் ஆங்கில பி, சி போலத் தெரியும் இரண்டு சின்ன எழுத்துகள் இருந்தால் அது பெட்ரோகிராட். அவை உண்மையில் ரஷ்ய வி, எஸ். நாணயச்சாலை அதிகாரி விக்டர் ஸ்மிர்னோவின் முதலெழுத்துகள். அந்த எழுத்துகள் இல்லாமல் இடம் வெறுமையாக இருந்தால் ஒசாகா. 10 கோபெக் 1.8 கிராம், குறுக்களவு 17 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 15 கோபெக் 2.7 கிராம். இரண்டிலும் பாதி வெள்ளி, பாதி செம்பு. ஒரு எச்சரிக்கை: நன்றாகத் தேய்ந்த காசில் அந்த எழுத்துகள்தான் முதலில் அழியும். ஆகவே கழுகின் மார்புக் கேடயம் தெளிவாகத் தெரியாத காசை ஒசாகா என்று நம்பி வாங்க வேண்டாம்.

இந்தக் காசு அரிதானது அல்ல. தபால் செலவைவிடக் காசின் விலை குறைவாக இருப்பதும் உண்டு. ஆனாலும் சின்ன பட்ஜெட்டில் சேர்ப்பவருக்கு வேண்டிய பாடம் முழுவதும் இதிலேயே இருக்கிறது. நாணயங்களின் அருமை எப்போதும் விலைப் பட்டியலின் உச்சியில் மட்டும் இருப்பதில்லை. ஒரு முதலெழுத்து, விளிம்பில் ஒரு வரி, பின்பக்கம் ஒரு குறி, எடையில் ஒரு கிராம் என்று விற்பவர் பல நேரம் கவனிக்காத இடங்களில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு மூன்று இலக்க ரூபாயிலேயே நல்ல தொகுப்பு அமையும்.

முதலில் வெள்ளிக் கணக்கு. எந்த வெள்ளிக் காசுக்கும் எடையைத் தூய்மையால் பெருக்கி அதிலுள்ள சுத்த வெள்ளியைத் தெரிந்துகொண்டு, பிறகு விலை பேசுங்கள். 1886 முதல் 1915 வரையிலான ரஷ்ய ரூபிள் 20 கிராம், தொள்ளாயிரம் தூய்மை (ஆயிரத்தில் தொள்ளாயிரம் பங்கு வெள்ளி). சுத்த வெள்ளி 18 கிராம். சோவியத் 50 கோபெக் 10 கிராம். அதில் 9 கிராம். ஜப்பானிய டிராகன் ஒரு யென் 26.96 கிராம், அதில் 24 கிராமுக்குச் சற்று மேல். ஜப்பானில் 1922 முதல் 1938 வரை வந்த சின்ன ஃபீனிக்ஸ் 50 சென் (அரை யென்) 4.95 கிராம், எழுநூற்று இருபது தூய்மை. அதில் மூன்றரை கிராம். மேலே சொன்ன 10 கோபெக்கிலோ 0.9 கிராம்தான். வெள்ளி விலை ஏறும்போது பெரிய காசுகள் எல்லாமே உலோக விலைக்கு இழுக்கப்படும். சின்னக் காசுகளை அது அவ்வளவாகப் பாதிக்காது. பட்ஜெட் சிறியது என்றால் ரஷ்யாவில் 1867-க்குப் பிந்தைய 5, 10, 15, 20 கோபெக் வரிசையும், ஜப்பானில் சின்ன ஃபீனிக்ஸும் போதும். ரூபிளும் யென்னும் பிறகு பார்க்கலாம். தங்கத்தைப் பற்றி இங்கே பேசவே போவதில்லை.

ரஷ்யச் செம்புக் காசுகளில் ஒரு அருமையான வசதி உண்டு: எடையைப் பட்டியலில் தேட வேண்டாம், கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். ரஷ்ய அரசு செம்பை 'பூத்' என்ற எடையால் அளந்தது. ஒரு பூத் 16.38 கிலோ. ஒரு பூத் செம்பிலிருந்து எத்தனை ரூபிள் மதிப்புக்குக் காசு அடிக்க வேண்டும் என்று காலத்துக்குக் காலம் ஆணை வரும். 1757 முதல் 1796 வரை 16 ரூபிள். அதாவது 16.38 கிலோவில் 1600 கோபெக். ஒரு கோபெக்குக்கு 10.24 கிராம், 5 கோபெக் காசு 51 கிராம். 1810-க்குப் பிறகு 24 ரூபிள். அப்போது 2 கோபெக் 13.65 கிராம். 1830 முதல் 36 ரூபிள். 1839-இல் மறுபடி 16. 1849 முதல் 32; அப்போது 5 கோபெக் 25.6 கிராம். 1867 முதல் பேரரசு முடியும்வரை 50 ரூபிள். 5 கோபெக் 16.38 கிராம், 1 கோபெக் 3.28 கிராம். 1924-இல் சோவியத் அரசு அடித்த செம்புக் காசுகளுக்கும் இதே 50 ரூபிள் கணக்குதான்.

இந்தக் கணக்கு சராசரிக்குத்தான். அந்தக் காலத்தில் செம்புத் தட்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்துத் திருத்தவில்லை. பேரரசி இரண்டாம் கேத்தரின் காலத்து 5 கோபெக் 45 கிராமிலும் வரும், 58 கிராமிலும் வரும். பத்துப் பதினைந்து சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ சந்தேகப்பட வேண்டாம். 35 கிராம் என்றால் தள்ளி வையுங்கள்.

இந்த 5 கோபெக்கைத் தொகுப்பில் ஒன்றாவது வைத்தே ஆக வேண்டும். நாலு சென்டிமீட்டர் அகலம், உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும், இருநூறு ஆண்டுப் பழமை. இந்த விலைக்கு வேறு எந்த நாடும் இப்படி ஒன்றைத் தருவதில்லை. கழுகின் இரு பக்கமும் உள்ள எழுத்துகள் எந்த நாணயச்சாலை என்று சொல்லும். நல்லவேளையாக அவை ஆங்கில எழுத்து போலவே இருக்கும். இ, எம் என்றால் யூரல் மலைப்பகுதியின் எகடெரின்பர்க்; மிக அதிகமாகக் கிடைப்பதும் மலிவானதும் இதுதான். கே, எம் என்றால் சைபீரியாவின் சுசூன். ஏ, எம் என்றால் அன்னின்ஸ்க். இரண்டு எம் என்றால் மாஸ்கோ. டி, எம் என்று பார்த்தால் கவனம்: அது கிரிமியாவில் 1787, 1788-இல் மட்டும் அடித்தது, விலை பல மடங்கு. அதனாலேயே போலிகளும் அதில் அதிகம்.

மேலடிப்புக் காசுகளைத் தேடுவது எனக்கு இன்னும் பிடித்த வேலை. 1796-இல் செம்புக் காசின் மதிப்பை இரட்டிப்பாக்கும் திட்டம் வந்தது. பழைய 5 கோபெக்கின் மீதே கேத்தரினின் முதலெழுத்து முத்திரையை அடித்து 10 கோபெக் ஆக்கினார்கள். அந்த ஆண்டே கேத்தரின் இறந்தார். மகன் பவுல் திட்டத்தை ரத்துசெய்து, 1797-இல் அந்தக் காசுகளை மறுபடி 5 கோபெக்காக அடிக்கச் சொன்னார். அதற்குப் பழைய தேதியிட்ட அச்சுகளையே பயன்படுத்தினார்கள். ஆக, ஒரே செம்புத் தட்டு மூன்று முறை அடி வாங்கியிருக்கிறது. கழுகின் சிறகுக்குக் கீழே, வெற்றிடத்தில், பத்து மடங்கு லென்ஸ் வைத்து ஒளியைச் சாய்த்துப் பாருங்கள்: அலங்கார 'இ' எழுத்தின் வளைவோ பழைய மாலையின் இலைகளோ மங்கலாகத் தெரியும். பல கடைக்காரர்கள் இதை 'அடி சரியில்லாத காசு' என்று விலை குறைத்துப் போட்டிருப்பார்கள்.

செம்பில் கெடுவது என்ன? பெரும்பாலானவை மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டவை. துரு போகச் சுரண்டிவிட்டு, மேலே செயற்கையாகப் பழுப்பு நிறம் ஏற்றியிருப்பார்கள். அடையாளம், மேடும் பள்ளமும் ஒரே நிறத்தில் இருக்கும். உண்மையான பழமையில் மேட்டுப் பகுதி வெளுத்தும் பள்ளம் இருண்டும் இருக்கும். வெளிர் பச்சைப் பொடி போல உதிர்ந்தால் அது குளோரைடு நோய். அந்தக் காசை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டால் மற்றவற்றிலிருந்து தனியே வையுங்கள். பேரரசு காலத்துச் சைபீரியக் காசுகளில் கீரிபோன்ற இரண்டு சேபிள் விலங்குகள் கேடயத்தைத் தாங்கும். பார்க்க அழகு. ஆனால் ஏலத்தளங்களில் மலிவாக வருபவற்றில் போலிகள் நிறைய. அதை நம்பிக்கையான கடையில் மட்டுமே வாங்குங்கள்.

இன்னும் பின்னோக்கிப் போனால் கம்பிக் கோபெக். வெள்ளிக் கம்பியைத் துண்டு போட்டு, தட்டையாக்கி, கையால் அடித்தது; மீன் செதில் போல இருப்பதால் ரஷ்யர்கள் 'செஷுய்கா' என்கிறார்கள். 1535-இல் சீரமைக்கப்பட்ட இந்த வகை, மகா பீட்டர் காலத்தில் 1718 வரை ஓடியது. ஒரு பக்கம் ஈட்டியுடன் குதிரை வீரன், மறுபக்கம் ஜாரின் பெயர். அச்சு காசைவிடப் பெரியது. அதனால் பெயரில் பாதிதான் விழுந்திருக்கும். ஆளை அடையாளம் காண எடை உதவும்: நான்காம் இவான் காலத்தில் 0.68 கிராம், மிகயீல், அலெக்ஸேய் காலத்தில் ஏறத்தாழ 0.45, 1698-க்குப் பிறகு பீட்டர் காலத்தில் 0.28. இதற்கு இரண்டு தசமம் காட்டும் தராசு கட்டாயம். பீட்டர் காலத்தில் 1696 முதல் குதிரைக்குக் கீழே எழுத்துகளால் ஆண்டு வரும். அது உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணும் கணக்கு. அதிலிருந்து 5508-ஐக் கழித்தால் நம் ஆண்டு: 7208 என்றால் 1700. குமிழித் துளைகளும் வழவழப்பான எழுத்துகளும் தெரிந்தால் வார்ப்புப் போலி. உண்மையானது அடித்தது, வார்த்தது அல்ல.

1917 புரட்சி ஆண்டின் ரஷ்யக் காசுகள் விலை அதிகம். வெளியே போனவை குறைவு. அந்த ஆண்டு தொகுப்பில் வேண்டும் என்றால் பின்லாந்துப் பக்கம் போங்கள். பின்லாந்து அப்போது ரஷ்ய ஜாரின் ஆட்சிக்கு உட்பட்ட பெருங்கோமகம். ஜார் பதவி விலகியதும் 1917-இல் அங்கே அடித்த 25, 50 பென்னியா காசுகளில் அதே இரட்டைத் தலைக் கழுகு, ஆனால் தலைகளில் கிரீடம் இல்லை. அதே ஆண்டில் கிரீடம் உள்ளதும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓர் அரசு விழுந்தது கண்ணுக்குத் தெரியும். விலையும் மலிவு.

சோவியத்துக்கு வந்தால் 1924 கொல்லன் காசு. சம்மட்டி வீசும் கொல்லன் உருவம் உள்ள 50 கோபெக். இதை வாங்குகிறவர்கள் முகத்தை மட்டும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது விளிம்பு. விளிம்பில் 'சுத்த வெள்ளி 9 கிராம்' என்ற வாசகத்துடன் முதலெழுத்துகள் பதிந்திருக்கும். ஆங்கில டி, பி போலத் தெரிந்தால் அது டி.ஆர்., தாமஸ் ராஸ், இங்கிலாந்தில் அடித்தது. வாசல் நிலை போன்ற எழுத்தும் தலைகீழ் வி போன்ற எழுத்தும் இருந்தால் பி.எல்., பியோத்தர் லாத்திஷேவ், லெனின்கிராடில் அடித்தது. 1924-இல் இரண்டும் உண்டு. இரண்டும் வாங்கும் விலையில்தான் கிடைக்கும். 1927 கொஞ்சம் கடினம், போலியும் அதிகம். விற்பவர் விளிம்புப் படம் போடவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அடுத்த கடை. போலிகளில் விளிம்பு எழுத்துகள் ஆழம் குறைந்தோ, இடைவெளி ஒழுங்கில்லாமலோ இருக்கும். சிலவற்றில் எழுத்தே இல்லாமல் வரிவரியாக இருக்கும். பேரரசின் ரூபிளுக்கும் இதே பார்வைதான்: அதன் விளிம்பில் '4 ஸோலோத்னிக் 21 தோலியா சுத்த வெள்ளி' என்றிருக்கும் (இரண்டும் பழைய ரஷ்ய எடை அளவுகள்). 1890-களின் ரூபிளில் அதிகாரியின் முதலெழுத்துக்குப் பதில் ஒரு நட்சத்திரம் இருந்தால் பாரிஸில் அடித்தது, இரண்டு இருந்தால் பிரஸ்ஸல்ஸ்.

1926-க்குப் பிந்தைய சோவியத் வெண்கலக் காசுகளில் மதிப்பே எடை: 1 கோபெக் 1 கிராம், 2 என்றால் 2, 3 என்றால் 3, 5 என்றால் 5. அரசுச் சின்னத்தில் கதிர்க்கட்டைச் சுற்றிய நாடாச் சுற்றுகளை எண்ணுங்கள். முப்பதுகளின் நடுப்பகுதி வரை 7, 1937 முதல் 1946 வரை 11, 1948 முதல் 1956 வரை 16, 1957-இல் 15. ஒரு சுற்று ஒரு சோவியத் குடியரசைக் குறிக்கும்; கரேலோ-பின்னியக் குடியரசின் தகுதியை 1956-இல் இறக்கியதால் ஒரு சுற்று குறைந்தது. ஆண்டோடு சுற்று எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்றால் ஒன்று தேதியைத் திருத்திய போலி, அல்லது அச்சு மாறிய அபூர்வக் காசு. பெரும்பாலும் முதலாவதுதான். 1958 தேதியுள்ள காசு மலிவாக வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கடந்து போங்கள். பிற்காலத்தில் 1970-இன் 5 கோபெக், 1990-இல் 'எம்' எழுத்துள்ள 5, 10 கோபெக் ஆகியவற்றைக் கலவை லாட்டுகளில் தேடலாம். 1978 ஒலிம்பிக் ரூபிளில் கிரெம்ளின் கோபுரக் கடிகாரத்தில் நாலுக்கான ரோமன் எண் ஆறு என்று விழுந்த வகை ஒன்று உண்டு. அதற்கு லென்ஸ் வேண்டும். சோவியத்துக்குப் பிந்தைய ரஷ்யாவில் 2010-இன் செச்சன்யா, யமால்-நெனெத்ஸ் 10 ரூபிள்கள் தலா ஒரு லட்சம்தான்; அவை சின்ன பட்ஜெட்டுக்கு உரியவை அல்ல.

ஜப்பானில் முதல் தடை ஆண்டைப் படிப்பது. அங்கே காசில் பேரரசரின் ஆட்சிக்காலப் பெயரும் (மெய்ஜி, தைஷோ, ஷோவா போன்றவை) அந்த ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு என்பதும்தான் இருக்கும். எண்கள் சுலபம்: ஒன்று, இரண்டு, மூன்றுக்கு அத்தனை படுக்கைக் கோடுகள், பத்துக்குக் கூட்டல் குறி. பத்து முன்னால் வந்து மூன்று பின்னால் வந்தால் பதின்மூன்று. மூன்று முன்னால் வந்தால் முப்பது. போருக்கு முந்தைய காசுகளில் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். புதிய காசுகளில் இடமிருந்து வலம். இதைத் தவறவிட்டால் மெய்ஜி 13-ஐ மெய்ஜி 30 என்று படித்துவிடுவீர்கள், அதாவது 1880-ஐ 1897 என்று. 'ஆண்டு' என்ற எழுத்தைத் தேடுங்கள்: மூன்று படுக்கைக் கோடு, நடுவே கீழே நீளும் ஒரு நெட்டுக்கோடு. அது எப்போதும் தேதியின் கடைசியில் வரும். அதற்கு எதிர்முனையிலிருந்து படித்தால் திசை தவறாது. பிறகு ஆட்சி ஆண்டோடு கூட்டினால் நம் ஆண்டு: மெய்ஜிக்கு 1867, தைஷோவுக்கு 1911, ஷோவாவுக்கு 1925, ஹெய்செய்க்கு 1988, ரெய்வாவுக்கு 2018.

மலிவில் தொடங்க கான்எய் த்சூஹோ. நடுவில் சதுர ஓட்டை, சுற்றி நான்கு எழுத்து. 1636 முதல் 1860-கள் வரை அரசு வார்த்தது. இன்றும் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. இது வார்ப்புக் காசு, ஆகவே வார்ப்பின் அடையாளம் இருப்பது குற்றமல்ல. இடப்பக்க எழுத்தின் கீழே உள்ள இரண்டு கால்களைப் பாருங்கள். அவை ஒன்றோடொன்று இணைந்திருந்தால் பழைய கான்எய், விலகி நின்றால் புதிய கான்எய். பிறகு பின்பக்கம். பெரும்பாலும் வெறுமை. ஓட்டைக்கு மேலே ஒரு எழுத்து இருந்தால் அங்கேதான் சுவை: 'பூன்' என்ற எழுத்து 1668 முதல் எடோவின் (இன்றைய டோக்கியோ) கமேய்தோவில் வார்த்தது, கியோத்தோவின் பெரிய புத்தர் சிலையை உருக்கி வார்த்ததாக ஒரு பேச்சு உண்டு. 'அஷி' என்றால் அஷியோ செம்புச் சுரங்கம், 'சோ' என்றால் நாகசாகி, 'சா' என்றால் சாதோ தீவு. பின்பக்கம் அலைகள் ஓடினால் அது 4 மோன் பித்தளை (மோன் என்பது யென்னுக்கு முந்தைய ஜப்பானியச் சில்லறை அலகு). 1768-இல் 21 அலைகளோடு வந்தது, அடுத்த ஆண்டிலிருந்து 11 அலைகள். 21 அலை உள்ளது கொஞ்சம் அரிது. காந்தத்தில் ஒட்டினால் இரும்புக் கான்எய்; கடலோர ஈரத்தில் அது வேகமாகத் துருப்பிடிக்கும், எங்கள் ஊர்ப் பக்கம் அதைத் தவிர்ப்பதே நல்லது.

முட்டை வடிவத் தென்போ த்சூஹோ 1835-இல் வந்த 100 மோன். 49-க்கு 32 மில்லிமீட்டர், எடை 20 கிராமுக்குச் சற்று மேல். இதிலும் விளிம்புதான் பேசும்: இடமும் வலமும் விளிம்பில் சின்னஞ்சிறு இலை முத்திரை அடித்திருப்பார்கள். முத்திரையே இல்லாதது நினைவுப்பொருள் கடைச் சரக்கு. முத்திரையின் வடிவம் வேறாக இருந்தால் இன்னும் உற்றுப் பாருங்கள். மித்தோ, சத்சுமா, தோசா போன்ற பிரபுக்களின் ஆட்சிப்பகுதிகள் அந்தக் காலத்தில் கள்ளத்தனமாக வார்த்தவையாக இருக்கலாம். அந்தக் கள்ளக் காசுகளுக்கு இன்று அரசுக் காசைவிட விலை அதிகம்.

செவ்வக வடிவ வெள்ளி இச்சிபு-கின் அழகானது. சுமார் 8.6 கிராம், ஓரம் முழுக்கச் செர்ரிப் பூக்கள். 1837-இன் தென்போ வகையில் அந்தப் பூக்களில் ஒன்று மட்டும் தலைகீழாக இருக்கும். அது போலியைப் பிடிக்க வைத்த ரகசியக் குறி. எல்லாப் பூவும் அச்சடித்தாற்போல ஒரே மாதிரி மழுங்கியிருந்தால் சந்தேகியுங்கள்.

டிராகன் வெள்ளி யென்னில் போலி எவ்வளவு என்றால், தெருவிலும் சந்தையிலும் கிடைப்பதை முதலில் போலி என்றே வைத்துக்கொள்ள வேண்டும். எடையிலேயே பாதி மாட்டிக்கொள்ளும். எடை சரியாக இருந்தால் அடர்த்திச் சோதனை. 0.01 கிராம் காட்டும் தராசில் பாதி தண்ணீர் ஊற்றிய டம்ளரை வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்க மூழ்கும்படி, டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாமல், கையில் பிடித்தபடி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் காசு விலக்கிய தண்ணீரின் எடை. உலர்ந்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. தொள்ளாயிரம் வெள்ளிக்கு 10.3 வர வேண்டும்; அதாவது 26.96 கிராம் யென்னுக்குத் தராசு 2.62 காட்டும். வெள்ளை உலோகப் போலி 3 கிராமைத் தாண்டும். 20 கிராம் ரூபிளுக்கு 1.94, 10 கிராம் கொல்லன் காசுக்கு 0.97. காசில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் கணக்கு கெடும். முதலில் நனைத்துத் தட்டிவிட்டு இறக்குங்கள். ஐந்து கிராமுக்குக் கீழுள்ள காசுகளுக்கு இந்தச் சோதனை நம்பத்தக்கதல்ல. தராசின் பிழையே முடிவை மாற்றிவிடும். வெள்ளியிலேயே செய்த போலி இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. டிராகனின் செதில்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரிகின்றனவா, விளிம்பு வரிகள் ஒரே இடைவெளியில் உள்ளனவா என்று பார்ப்பது கடைசிப் படி. யென் கட்டாயம் வேண்டும் என்றால் பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற தரச்சான்று நிறுவனங்களின் உறையில் உள்ளதை வாங்கி, உறை எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் படத்தோடு ஒப்பிடுங்கள். பணம் மிச்சமாக ஒரு வழி: 1897-இல் ஜப்பான் தங்கத் திட்டத்துக்கு மாறியபோது, தைவான், கொரியா போன்ற இடங்களில் ஓடுவதற்காக வட்டத்துக்குள் 'வெள்ளி' என்ற எழுத்தை முத்திரையடித்த யென்கள் உண்டு. பல ஆண்டுகளுக்கு முத்திரை இல்லாததைவிட இவை மலிவு. எனக்கு இவைதான் மேல். அந்தக் காசு எங்கெல்லாம் போனது என்பதற்கு அதுவே சான்று.

நவீன ஜப்பானில் சில ஆண்டுகளை மனப்பாடம் செய்தால் போதும். விளிம்பில் வரி உள்ள 10 யென், 'கிஸாஜூ' என்பார்கள், ஷோவா 26 முதல் 33 வரை. அதில் 33, அதாவது 1958, இரண்டரைக் கோடிதான். 5 யென்னில் ஷோவா 32, ஒரு கோடி. 50 யென்னில் ஷோவா 35, அறுபது லட்சம். ஷோவா 62-இன் 50 யென் புழக்கத்துக்கே வரவில்லை; நாணயச்சாலையின் ஆண்டுத் தொகுப்புப் பெட்டிகளில் மட்டும், 7 லட்சத்து 75 ஆயிரம். அதைத் தனிக்காசாக வாங்காமல் பெட்டியோடு வாங்குங்கள்.

வாங்கும் இடங்கள். ரஷ்யாவிலிருந்து நேரடியாக வாங்குவது 2022-இன் பொருளாதாரத் தடைகளுக்குப் பிறகு பணம் அனுப்புவதிலேயே நின்றுவிடும். ஜெர்மனி, போலந்து, பால்டிக் நாடுகளின் கடைகளில் ரஷ்யக் காசு தாராளம். எம்ஏ-ஷாப்ஸ் தளத்தில் பல ஜெர்மானியக் கடைகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். ஜப்பானுக்கு யாஹூ ஏலம், பையீ அல்லது ஜென்மார்க்கெட் போன்ற இடைத்தரகர் வழியாக. அங்கே ஏலத் தொகையோடு தரகர் கட்டணம், ஜப்பானுக்குள் தபால், பன்னாட்டுத் தபால், நம் கஸ்டம்ஸ் என்று நான்கு சேரும். ஒற்றைக் காசு வாங்கினால் கட்டுப்படியாகாது. பல ஏலங்களை அவர்கள் கிடங்கிலேயே சேர்த்து வைத்து ஒரே பார்சலாக அனுப்பச் சொல்லுங்கள். விலை பார்க்கும்போது கேட்கும் விலையை விட்டுவிட்டு விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். அடையாளம் காண நுமிஸ்டா தளம் இலவசம்.

இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். 1972-இன் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டைக் கடந்த நாணயத்தையும் தொல்பொருளில் சேர்க்கிறது. தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. போலி வந்தால் திருப்பி அனுப்பிப் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் பழைய காசு வாங்காதீர்கள். திருப்பி அனுப்பாமலே பணம் தரும் கடைக்காரரா என்று முதலில் கேளுங்கள்.

வந்த காசைப் புளி போட்டுத் துலக்கும் ஆசை நம் வீடுகளில் யாருக்காவது வரும். செம்புப் பாத்திரத்துக்கு அது சரி. காசில் அமிலம் பட்டால் மேல்தோல் போய் ரோஜா நிறச் செம்பு வெளிப்படும், விலை பாதியாகும், மீளாது. ஒட்டும் பிசுக்கு இருந்தால் சுத்த அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, துடைக்காமல் ஒற்றி எடுங்கள். அசிட்டோன் தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புப் பக்கம் போகாமல் செய்யுங்கள். மென்மையான பிவிசி உறைகள் சில ஆண்டுகளில் பச்சைப் பிசினாகக் காசில் ஒட்டும். மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாளால் ஜன்னல் வைத்த அட்டை ஹோல்டர் வாங்கி, ஸ்டேப்ளர் பின்னின் முனைகளை இடுக்கியால் தட்டையாக்கிவிடுங்கள், இல்லையேல் பக்கத்துக் காசைக் கீறும். மூடிய டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அதைச் சூடாக்கி உலர்த்துங்கள். ஹோல்டரின் ஓரத்தில் பென்சிலால் எடை, வாங்கிய தேதி, விளிம்பு எழுத்து மூன்றையும் எழுதிவிடுங்கள். உறைக்குள் போன பிறகு விளிம்பைப் பார்க்க முடியாது.